முள்ளை மாற்றுவதா, கார்ட்ரிட்ஜையே மாற்றுவதா?

எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே தரத்தில் கேட்பதில்லை. முதல் பாட்டில் ஸகரத்தையும் ஷகரத்தையும் சுத்தமாகச் சொன்ன அதே குரல், லேபிளை நெருங்க நெருங்க ‘ஸ்ஸ்ஸ்’ என்று சிதறுகிறது. ஜால்ரா ஒலி தகரம் உரசுவதுபோல ஆகிவிடுகிறது. கார்ட்ரிட்ஜை, அதாவது முள்ளும் அதன் அசைவை மின்சாரமாக்கும் உடலும் சேர்ந்த சிறு பெட்டியை, மாற்றலாமா என்ற யோசனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தலைகாட்டும். அதை விட்டுவிட்டு ‘பேஸ் போதவில்லை’, ‘ஒலியில் உயிர் இல்லை’ என்பவை உங்கள் புகார் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அதற்குக் காரணம் பாதிக்கு மேல் ஸ்பீக்கரிலும் அறையிலும் இருக்கும். கார்ட்ரிட்ஜில் பணம் போட்டுத் தீராது.

கடைசிப் பாட்டு கெடுவதன் காரணம் எளிய கணக்குதான். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஆரம் ஏறக்குறைய 146 மி.மீ. அங்கே முள்ளுக்கு அடியில் தடம் விநாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் ஆரம் 60 மி.மீ., வேகம் 21 செ.மீ. அதே 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எழுத வெளியே 51 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளம் கிடைத்தது. உள்ளே 21 மைக்ரான்தான். அலையின் ஒரு மேட்டுக்கு 10 மைக்ரான் சொச்சம். மலிவான டர்ன்டேபிளோடு வரும் கூம்பு முள்ளின் நுனி ஆரமோ 15 முதல் 18 மைக்ரான். மொண்ணைப் பென்சிலைக் கொண்டு பொடி எழுத்தின் மேல் வரைவது போன்றது இது. வளைவுக்குள் நுனி இறங்கவே முடியாமல் மேலே மேலே தாவும். அந்தத் தாவல்தான் உங்கள் காதில் விழும் சிதறல்.

நீள்வட்ட முள்ளில் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரானுக்கு அருகே இறங்குகிறது. மைக்ரோலீனியர் வகையில் 3 மைக்ரான். ஷிபாட்டா இரண்டுக்கும் நடுவே நிற்கும். இந்த ஷிபாட்டா வடிவத்தின் பிறப்பே வேறொரு காரியத்துக்காக. 1970களின் தொடக்கத்தில் நான்கு ஸ்பீக்கர்களுக்கான சிடி-4 தட்டுகளில் 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு துணை அலையைச் சேர்த்து வெட்டினார்கள். அதைப் படிக்கச் சாதாரண முள்ளால் ஆகவில்லை. ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்துப் பொறியாளர் ஷிபாட்டா அதற்காகச் செதுக்கிய வடிவம் அது. நான்கு ஸ்பீக்கர் தட்டுகள் சில ஆண்டுகளில் கடையைக் கட்டின. முள் மட்டும் தங்கிவிட்டது.

ஆக, புகார் உள்தடத்தைப் பற்றியது என்றால் மருந்து வைர நுனியின் வடிவத்தில் இருக்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் அடங்கிய உடல் பகுதிக்கு இதில் பங்கு குறைவு. மூவிங் மேக்னெட் (முள்ளோடு காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் முள் தனியாகக் கழன்று வரும். உடலை விட்டுவிட்டு முள்ளை மட்டும் உயர்த்துவதில்தான் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைக்கும் என்பது என் கருத்து. ஆனால் அதற்கும் முன்னால், இப்போது இருக்கும் முள்ளே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

காசு செலவழிக்கும் முன்

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் முள் தராசு ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. டோன்ஆர்மின், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின், பின்குண்டில் உள்ள எண்களை நம்பி இருப்பவர்கள் தராசில் வைத்துப் பார்த்தால் கால் கிராம் வரை வித்தியாசம் காண்பது உண்டு. அளக்கும்போது முள் நிற்கும் உயரம் தட்டின் மேற்பரப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தராசை டர்ன்டேபிளின் விரிப்பு (மேட்) மேலேயே தூக்கி வைத்தால் சில கைகளில் எண் மாறும். தராசின் தட்டு காந்தத்தில் ஒட்டாத உலோகமாக இருக்கட்டும். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய் எடை காட்டும்.

அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். தடத்தின் சுவரைப் பிடித்துக்கொள்ள முடியாமல் முள் துள்ளி விழுந்து விழுந்து சுவரைக் கொத்தும். 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று தயாரிப்பாளர் சொன்னால் 2.0இலோ அதற்குச் சற்று மேலேயோ வையுங்கள். 1.8க்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது முள்ளில் படிந்த அழுக்கு. உலர்ந்த மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவ வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தாலோ பக்கவாட்டில் இழுத்தாலோ கான்டிலிவர் (நுனியைத் தாங்கும் மெல்லிய தண்டு) வளையும். பிடிவாதமான அழுக்குக்கு மெலமைன் பஞ்சை ஒரு சிறு துண்டாக வெட்டித் தட்டின் மேல் வைத்து, கையின் லிவரால் முள்ளை அதன்மேல் இறக்கி ஏற்றுங்கள். நாலைந்து முறை போதும். கீழும் மேலும் மட்டும். பக்கவாட்டில் அசைக்கவே கூடாது. ஆல்கஹால் போன்ற திரவம் கான்டிலிவர் வழியாக மேலேறி உள்ளே இருக்கும் ரப்பரையும் பசையையும் கெடுக்கும். ஆகவே திரவத்தைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜின் கோணம். ஹெட்ஷெல்லில் (கையின் முனையில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பகுதியில்) கார்ட்ரிட்ஜ் இரண்டு மி.மீ. முன்பின்னாக இருந்தாலே உள்தடம் கெட்டுவிடும். இதன் விவரம் பொருத்தும் இடத்தில் வருகிறது.

நான்காவதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை: கம்பியின் கபாசிட்டன்ஸ் (மின்தேக்குதிறன்). மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளும், கேபிளிலும் போனோ ப்ரீஆம்பிலும் (கார்ட்ரிட்ஜ் தரும் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் கருவியிலும்) இருக்கும் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையின் இண்டக்டன்ஸ் (கம்பிச்சுருளின் மின்தூண்டல் அளவு) 550 மில்லிஹென்றி. மொத்தக் கபாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 15 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும். 400 ஆகிவிட்டால் அது 10.7 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும்; ஸகரம் வாழும் பகுதிக்கு நெருக்கமாக ஒரு மேடு எழும்பி, அதற்கு மேல் ஒலி சரிந்துபோகும். இந்த வரிசைக்குத் தயாரிப்பாளர் சொல்வது 100 முதல் 200 வரை. நீளமான கேபிள் ஒன்றே 200ஐத் தின்றுவிடக்கூடும். ப்ரீஆம்பில் உள்ளதையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கேபிளைச் சின்னதாக்குவதும், ப்ரீஆம்பில் கபாசிட்டன்ஸைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால் குறைந்த நிலையில் வைப்பதும் சில சமயம் புது முள்ளுக்குச் சமம்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் கடைசிப் பாட்டு சிதறினால், அப்போது கடைக்குப் போகலாம்.

ஒரே உடல், ஆறு முட்கள்

கையில் உள்ள உதாரணமாக விஎம்95 வரிசையையே எடுத்துக்கொள்வோம். ஏடி-எல்பி120எக்ஸ் போன்ற டர்ன்டேபிள்களோடு விஎம்95இ என்ற பச்சை முள் வருகிறது, 0.3×0.7 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) நீள்வட்டம், ஒட்டு வைரம். அதாவது நுனியில் மட்டும் வைரம், அது ஓர் உலோகத் தண்டில் ஒட்டப்பட்டிருக்கும். அதே உடலில் கூம்பு முள், முழு வைர நீள்வட்டம், மைக்ரோலீனியர், ஷிபாட்டா, 78 சுற்றுத் தட்டுகளுக்கான தடித்த முள் என எதை வேண்டுமானாலும் மாட்டலாம். பச்சையை முன்னால் இழுத்துக் கழற்றி, சிவப்பு நிற மைக்ரோலீனியரைச் செருகினால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ வேண்டாம், கம்பியைத் தொட வேண்டாம். இரண்டுக்கும் அழுத்தம் 2.0 கிராம்தான். இருந்தாலும் தராசில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிவப்பு முள்ளின் விலையைக் கண்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். பச்சையைப் போல மூன்று நான்கு மடங்கு. இங்கே ஒரு வகுத்தல் கணக்கு தேவை. ஆடியோ-டெக்னிகா தரும் ஆயுள் மதிப்பு நீள்வட்டத்துக்கு 300 மணி, கூம்புக்கு 500, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலீனியருக்கு 1000. ஒரு தட்டின் இரு பக்கமும் சேர்ந்து 40 நிமிடம் என்று வைத்தால் 300 மணி என்பது 450 தட்டுகள். தினம் ஒரு தட்டு போடுகிறவருக்குப் பதினைந்து மாதம். மைக்ரோலீனியர் நான்கு ஆண்டு தாண்டும். மணிக்கு ஆகும் செலவில் இரண்டும் ஏறக்குறைய சமம். முதலில் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் வலி. மைக்ரோலீனியர் தேயும் விதமும் வேறு: நுனி ஒரு வரம்புபோல நீண்டு இருப்பதால், தேய்ந்தாலும் தடத்தைத் தொடும் அகலம் பெரிதாகக் கூடுவதில்லை. நீள்வட்டம் தேயத் தேயத் தட்டையாகி, கடைசியில் உளியாகிவிடும். உளி தட்டைச் செதுக்கும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

நடுவில் இருக்கும் முழு வைர நீள்வட்டத்தை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஆரமும் பச்சையின் ஆரமும் ஒன்றே. நுனியின் எடை குறைவதால் நுட்பமான மேம்பாடு உண்டு. ஆனால் உங்கள் புகார் உள்தடம் என்றால் அந்தக் காசு வேறிடத்துக்குப் போகிறது.

இதே பொறி ஆர்ட்டோஃபோன் 2எம் வரிசையிலும் இருக்கிறது. 2எம் ரெட் உடலில் 2எம் புளூ முள் அப்படியே பொருந்தும். ரெட் ஒட்டு வைரம், புளூ முழு வைரம்; ஆனால் நுனி இரண்டிலும் 8×18 மைக்ரான் நீள்வட்டம்தான். புளூ துல்லியமாக ஒலிக்கும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கடைசிப் பாட்டின் சிதறல் முற்றாகப் போகும் என்று எதிர்பார்த்து வாங்கினால் மட்டும் ஏமாற்றம். நுனி வடிவம் மாறுவது 2எம் பிரான்ஸ் (Bronze), 2எம் பிளாக் என்ற அடுத்த படிகளில். அவற்றுக்கு உடலே வேறு. ரெட் வைத்திருப்பவர் முழுக் கார்ட்ரிட்ஜும் வாங்க வேண்டும். 2எம் ரெட் உள்ளவர் ஒரே தாவலில் உள்தடத்தைச் சரிசெய்ய விரும்பினால், புளூ முள்ளுக்கு ஆகும் பணத்தையும் மைக்ரோலீனியர் முள்ளோடு வரும் விஎம்95எம்எல் முழுக் கார்ட்ரிட்ஜுக்கு ஆகும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராண்டைத் தாண்டி யோசிப்பது தப்பில்லை.

ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற முழுத் தானியங்கிகளில் கார்ட்ரிட்ஜ் கையோடு ஒன்றாகச் சேர்ந்தது; மாற்ற வழியே இல்லை. அதற்கான கூம்பு முள்ளைத் தேய்ந்ததும் மாற்றிக்கொண்டு, மிச்சப் பணத்தை அடுத்த டர்ன்டேபிளுக்குச் சேர்ப்பதே விவேகம்.

உடலையும் மாற்ற வேண்டிய சந்தர்ப்பம்

சில கார்ட்ரிட்ஜ்களுக்கு நல்ல முள் இனிக் கிடைக்காது. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே விட்டுவிட்டது. அதன் பழைய உடல்களுக்கு ஜப்பானின் ஜிகோ தரமான முட்கள் செய்கிறது. பெயரில்லாத மலிவு முட்களும் சந்தை நிறையக் கிடக்கின்றன. அவற்றின் வைரம் கோணலாக ஒட்டப்பட்டிருப்பது சகஜம். வலது இடது ஒலியளவே சமமாக இராது. ‘பிரிக்காத பழைய சரக்கு’ என்று விற்கும் முட்களிலும் ஓர் ஆபத்து: கான்டிலிவரைத் தாங்கும் ரப்பர் பெட்டிக்குள்ளேயே இறுகிப்போயிருக்கலாம். வெப்பமான ஊர்களில் அலமாரியில் முப்பது ஆண்டு கிடந்த ரப்பரிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு சந்தர்ப்பம், மூவிங் காயிலுக்கு (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் வகைக்கு) தாவும் ஆசை. அதற்கு ப்ரீஆம்பின் நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் ஆசைப்பட வேண்டும். விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கினால் 400 மில்லிவோல்ட் ஆகி ஆம்பிளிஃபயருக்குப் போதும். டெனான் டிஎல்-103 போன்ற மூவிங் காயில் தருவது 0.3 மில்லிவோல்ட். ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். 60 டெசிபெல் உள்ள நல்ல ப்ரீஆம்ப் கார்ட்ரிட்ஜைவிட விலை கூடலாம்; மலிவான ஒன்றில் பாட்டுக்குப் பின்னால் சுவர்க்கோழி கத்துவதுபோல ஓர் இரைச்சல் நிரந்தரமாகக் குடியிருக்கும். தவிர, மூவிங் காயிலில் முள் கழலாது. தேய்ந்தால் முழுசையும் மாற்ற வேண்டும், அல்லது புது முள் பதித்துத் தருபவரைத் தேட வேண்டும். டிஎல்-103இன் முள் கூம்பு வடிவம் என்பதையும் மறக்க வேண்டாம். அதன் நடுச்சுருதியின் கனத்துக்கு உலகமெங்கும் அடியார்கள் உண்டு. ஆனால் உள்தட நோய்க்கு அது மருந்தாகாது.

பிறகு, கையின் எடை. டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஓர் ஊஞ்சல். அதன் இயல்பு அதிர்வெண் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கம் கையை ஆட்டும். மேலே போனால் இசையின் அடிச்சுருதியோடு மோதும். கணக்கு இது: கையின் பயனுறு எடை, கார்ட்ரிட்ஜ் எடை, ஸ்க்ரூ எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸ் (கான்டிலிவர் எவ்வளவு நெகிழும் என்ற அளவு) எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால் வகுக்க வேண்டும். 12 கிராம் கையில் 2எம் ரெட் என்றால் 12ம் 7.2ம் ஸ்க்ரூவுக்கு 1ம் சேர்ந்து 20.2. கம்ப்ளையன்ஸ் 20. விடை 7.9 ஹெர்ட்ஸ்; எல்லையில் நிற்கிறது, பரவாயில்லை.

இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பியர் கம்ப்ளையன்ஸை 10 ஹெர்ட்ஸில் சொல்வார்கள், ஜப்பானியர் 100 ஹெர்ட்ஸில். டிஎல்-103க்கு 5 என்று போட்டிருப்பது 100 ஹெர்ட்ஸ் அளவு. கணக்கில் அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். அப்படி 10 என்று வைத்து, 8.5 கிராம் எடையுள்ள அதை 12 கிராம் கையில் போட்டால் 10.8 ஹெர்ட்ஸ் வருகிறது, நல்லது. 6 கிராம் கையில் போட்டால் கிட்டத்தட்ட 13. மெல்லிய கார்பன் கைகளில் இந்தக் கனத்த கார்ட்ரிட்ஜ் ஏன் சோபிப்பதில்லை என்பதன் விடை இங்கே இருக்கிறது.

பொருத்தும் நேரம்

முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்றத் தீர்மானித்தால் அரை நாள் ஒதுக்குங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் மேசை, மின்இணைப்பு துண்டிக்கப்பட்ட ஆம்பிளிஃபயர், முள்ளுக்குக் காப்பு மூடி. காந்தத்தில் ஒட்டாத ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் நல்லது. மூவிங் காயிலின் காந்தம் பலமானது. இரும்புச் சாமணம் அரை அங்குலம் அருகே போனாலே சடக்கென்று இழுத்துக்கொள்ளும், இடையில் கான்டிலிவர் இருந்தால் அதன் கதை முடிந்தது.

கம்பிகளின் நிறம் எங்கும் ஒன்றே. வெள்ளை இடது நேர், நீலம் இடது பூமி, சிவப்பு வலது நேர், பச்சை வலது பூமி. கிளிப்பைச் சாமணத்தால் கிளிப்பின் மேலேயே பிடித்து இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தால் தலைமுடி போன்ற கம்பி வெடுக்கென்று அறுந்துவிடும். கிளிப் தளர்வாக இருந்தால் பல்குத்தும் குச்சியின் மேல் வைத்து லேசாக நசுக்கி இறுக்குங்கள். கார்ட்ரிட்ஜின் கால்களில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். சூடு உள்ளே போய்க் கம்பிச்சுருளை விடுவித்துவிடும்.

இரு ஸ்க்ரூக்களுக்கும் இடையே 12.7 மி.மீ., ஸ்க்ரூ 2.5 மி.மீ. தடிமன். முதலில் கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பிறகு கையைச் சமனாக்கி, முள் அழுத்தத்தை வைத்து, அதற்கப்புறம்தான் கோணம் பார்க்க வேண்டும். கோணம் பார்க்க ஓர் அச்சிட்ட அளவுத்தாள் போதும். இணையத்தில் இறக்கி அச்சிடுகிறவர்கள் அதில் உள்ள 100 மி.மீ. கோட்டை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். ‘பக்கத்துக்கு ஏற்றபடி’ என்று பிரிண்டர் தானாகச் சுருக்கியிருந்தால் எல்லா உழைப்பும் வீண். பேர்வால்ட் முறையில் 66.0, 120.9 மி.மீ. என்ற இரு ஆரங்களில் கார்ட்ரிட்ஜ் கட்டங்களுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு புள்ளியில் சரியாகி மறுபுள்ளியில் தப்பினால் கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தித் திரும்பவும் முதலிலிருந்து. ஸ்டீவன்சன் முறை முதல் புள்ளியை 60.3க்கே கொண்டுபோய் வைக்கிறது. கடைசிப் பாட்டில் பிழையே இராது, நடுத்தடங்களில் சற்றுக் கூடும். மேற்கத்திய சாஸ்திரிய இசைத் தட்டுகளில் உச்சக்கட்டம் கடைசியில்தான் வரும் என்பதால் இதற்கும் ஆதரவாளர்கள் உண்டு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகைக் கையில் ஹெட்ஷெல் ரப்பர் வளையத்திலிருந்து முள் நுனிவரை 52 மி.மீ. என்று வைத்துவிட்டாலும் நடைமுறைக்குப் போதும். மைக்ரோலீனியர், ஷிபாட்டா முட்கள் கோணப் பிழையைச் சுத்தமாக மன்னிக்காது. கூம்பு முள் எதையும் பொறுத்துக்கொள்ளும். விலை உயர்ந்த முள்ளைக் கோணலாக மாட்டிவிட்டுப் ‘பழசே நன்றாக இருந்தது’ என்பவர்களின் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இறுதியாக முறுக்கும்போது இரு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றிக் கால்சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிக்கொள்ளும். தட்டின் மேல் முள் நிற்கையில் பக்கவாட்டில் பார்த்தால் கை தட்டுக்கு இணையாகவும், முன்னாலிருந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜ் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். ஓட்டாத பழைய தட்டின் மேல் சிறு கண்ணாடியை வைத்து முள்ளை இறக்கினால் பிம்பமும் முள்ளும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று தெளிவாகத் தெரியும். ஆன்டி-ஸ்கேட்டை (கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் விசையை) முள் அழுத்தத்துக்குச் சமமான எண்ணில் ஆரம்பித்து, கடைசிப் பாட்டில் எந்தக் காதில் சிதறல் அதிகம் என்று கேட்டுத் திருத்துங்கள். வலது பக்கம் முதலில் சிதறினால் ஆன்டி-ஸ்கேட் குறைவு, இடது என்றால் கூடுதல்.

பாட்டுப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்ற முனகல் வந்தால் முதலில் டர்ன்டேபிளின் பூமிக் கம்பியையும், பிறகு நீல, பச்சைக் கிளிப்புகளையும் பாருங்கள். ஒரு பக்கம் மௌனம் என்றால் கிளிப் ஏறவில்லை. இரண்டு பக்கமும் கேட்டு, ஆனால் தவில், மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவினால் ஒரு பக்கத்து நேரும் பூமியும் இடம் மாறியிருக்கின்றன. இந்தப் பிழையோடு மாதக்கணக்கில் கேட்டு, கார்ட்ரிட்ஜைத் திட்டுபவர்கள் உண்டு.

பழைய தட்டுக்காரர்களுக்கு

வீட்டில் எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் இருப்பவர்கள் மேலே சொன்ன மெல்லிய முள் எதையும் அவற்றின் மேல் வைக்கக் கூடாது. அந்தத் தடம் மிக அகலம். எல்பி முள் அடியில் போய் அழுக்கை வாரிக்கொண்டு ஓடும், இசையைவிட இரைச்சலே வரும். விஎம்95 உடலில் 78 சுற்றுக்கான எஸ்பி முள்ளைச் செருகினால் 3 மில் நுனி. அழுத்தம் 5 கிராம், மறக்காமல் பின்குண்டை மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், எல்பிக்குத் திரும்பும்போது மறக்காமல் குறைப்பது. தட்டை வெட்டும்போது மாற்றிய சுருதி அளவுகளை ப்ரீஆம்ப் நேராக்கும் ரியா (RIAA) சமன்பாடு 1954இல் வந்தது. அதற்கு முந்தைய தட்டுகளின் மேல்சுருதி அதில் கொஞ்சம் மழுங்கியே கேட்கும். டோன் திருகியைக் காதுக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

தாத்தா காலத்து சூட்கேஸ் பிளேயரில் நல்ல கார்ட்ரிட்ஜ் போட முடியுமா என்ற கேள்விக்குப் பதில், முடியாது. அதில் இருப்பது செராமிக் வகை. சில நூறு மில்லிவோல்ட் அதுவே தரும். அதற்கேற்ப உள்ளே ப்ரீஆம்ப் கிடையாது. கையும் பல கிராம் அழுத்தத்துக்கென்று செய்தது. அந்தப் பிளேயரை அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் அந்தக் கனத்த முள்ளில் ஆண்டுக்கணக்கில் ஓடிய பழைய சினிமா இபி தட்டுகளைப் புதிய டர்ன்டேபிளில் போட்டுப் பாருங்கள். பழைய முள் தேய்த்தது தடச்சுவரின் ஒரு பட்டையை மட்டுமே என்றால், சுவரின் வேறு உயரத்தைத் தொடும் மைக்ரோலீனியர் சில தட்டுகளில் கெடாத பகுதியைக் கண்டுபிடித்துவிடும். வேறு சில தட்டுகளில் ஆழத்தில் கிடக்கும் குப்பையைக் கண்டுபிடிக்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒற்றை ஒலித் தட்டு என்றால் ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். முள் மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அப்படியே அடிபட்டுப்போகும்.

புது முள் இருபது முப்பது மணி ஓடியதும் ரப்பர் சற்று இளகும். அப்போது அழுத்தத்தையும் கையின் உயரத்தையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். முள் மாட்டிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டி, ஓடிய தட்டுகளைக் கோடு போட்டு எண்ணி வாருங்கள். ஆயுள் முடிந்ததைக் காது சொல்லும்வரை காத்திருந்தால் அதற்குள் தட்டுகள் சேதமாகியிருக்கும். கழற்றிய பச்சை முள்ளில் இன்னும் மணிக்கணக்கு மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பழைய கடையில் எடுத்து வந்த, யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத தட்டைக் கழுவி முதல்முறை போட்டுப் பார்க்க அதுதான் சரி. மாற்றி மாட்டப் பத்து விநாடி ஆகும்.